போலந்து நாட்டில் ஒரு முஸ்லிம் வரலாற்றாசிரியர்

அஹ்மதோவிச், அஸ்ஸனோவிச், யாக்குபோவ்ஸ்கி. இப்பெயர்களைக் கேட்போர், இவை ஐரோப்பியக் கிறித்தவப் பெருமக்களின் பெயர்கள் என்றே முதலில் கருதுவர். சற்றுச் செவிசாய்த்துக் கேட்டாலோ உள்ளே அஹ்மதும் ஹஸனும் யஃகூபும் அமர்ந்திருக்கக் காணலாம். 'ஓவிச்' என்பது அந்நாட்டு மொழிகளில் 'மகன்' என்னும் பொருள்தரும் விகுதியாகும். நாம் 'இப்னு அஹ்மத்' என்று எழுதுவதைத்தான் அவர்கள் 'அஹ்மதோவிச்' என்று எழுதினர், வேறொன்றுமில்லை.

இத்தகைய பெயர்களைத் தாங்கிய ஒரு சிறு சமுதாயம் அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் போலந்து, லித்துவேனியா, பெலாரஸ் ஆகிய நாடுகள் இன்று பங்கிட்டுக்கொண்டிருக்கும் நிலப்பரப்பில் வாழ்ந்து வருகிறது. அவர்களைத் தாத்தாரியர் என்பர். அச்சமுதாயத்தில் தோன்றி, நீதிபதியாகவும் வரலாற்றறிஞராகவும் இதழாசிரியராகவும், குறுகிய காலமே நிலைத்த இரண்டு அரசுகளின் உயர் அலுவலராகவும் விளங்கிய ஒரு பெருமகனாரைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம். அவர் பெயர் லேயோன் நைமன் மிர்ஸா கிரிச்சின்ஸ்கி. நம் நாட்டு முஸ்லிம்கள் ஐரோப்பா என்றால் துருக்கியையும், பொஸ்னியாவையும், இழந்துபோன ஸ்பெயினையும் நினைப்பர். பனி உறையும் வடபுலத்துக் காடுகளினூடே பாங்கொலி எழுந்த சிற்றூர்களும் இருந்தன என்பது நம்மில் பலருக்குப் புதுச் செய்தியாகவே இருக்கும்.

லேயோனின் வாழ்வை விளங்கிக்கொள்வதற்கு அவருடைய முன்னோரின் கதையை ஓரளவேனும் அறிந்தாக வேண்டும்.

14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லித்துவேனியப் பெருங்கோமகனாக இருந்தவர் விட்டோல்ட். தங்கப் படையகம் எனப்பட்ட மங்கோலிய வழித் தாத்தாரியரின் நாட்டில் உட்பகை மூண்டபோது, அங்கிருந்து வந்த குதிரை வீரர்களுக்கு அவர் தம் நாட்டில் நிலமும் குடியுரிமையும் அளித்தார். 1397-ஐ ஒட்டி இக்குடியேற்றம் பெருகிற்று. கைம்மாறாக அவர்கள் செய்ய வேண்டியது படைப்பணி ஒன்றே. தம் மார்க்கத்தைக் கைவிட வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. அதற்குப் பத்தாண்டுகட்கு முன்னர்தான் லித்துவேனியாவே கிறித்தவ நாடாகியது என்பதை எண்ணிப் பார்க்கும்போது இது வியப்பிற்குரியதே. 1410-இல் கிருன்வால்ட் களத்தில் ஜெர்மானியச் சிலுவை வீரர்களை எதிர்த்து நின்ற படையில் தாத்தாரியரும் இருந்தனர்.

வந்தவர்களில் பெரும்பாலோர் போர்வீரர்கள். அவர்கள் அந்நாட்டுப் பெண்களை மணந்தனர். பிள்ளைகள் தாயின் மொழியைப் பேசினர். ஓரிரு நூற்றாண்டுகளுக்குள் அவர்தம் துருக்கிய மொழி நாவிலிருந்து மறைந்தொழிந்தது. 1558-இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட ஒரு தாத்தாரியர் இஸ்தான்பூலில் சுல்தான் சுலைமானுக்கென எழுதியதாகச் சொல்லப்படும் 'ரிஸாலா' ஒன்று உண்டு. தம் மக்கள் தாய்மொழியை மறந்தமையை அதுவே கூறுகின்றது. அந்நூலில் கண்ட எண்ணிக்கைகள் மிகையானவை என்பதும், அதன் மூலத்தைப் பற்றியே ஐயம் உண்டு என்பதும் ஆராய்ச்சியாளர் சிலரின் கருத்து. மொழி போயிற்று என்பதில் மட்டும் எவர்க்கும் ஐயமில்லை.

மொழி போயிற்று, தீன் போகவில்லை. எங்ஙனம் நிலைத்தது? தமிழ் முஸ்லிம்களாகிய நாம் காது கொடுத்துக் கேட்க வேண்டிய இடம் இதுவே.

அவர்கள் தாம் புதிதாகப் பேசத் தொடங்கிய பெலாரஸிய மொழியையும் போலந்து மொழியையும் அரபி எழுத்தில் எழுதிக்கொண்டார்கள்! நபிமார் வரலாறு, தொழுகை முறை, ஒழுக்கக் கதைகள், மார்க்கச் சட்டங்கள் அனைத்தையும் வலமிருந்து இடமாக, அலிஃப் பாவினால், ஸ்லாவிய மொழியில் எழுதிவைத்தனர். அந்நூல்களுக்கு அவர்கள் இட்ட பெயர் 'கிதாப்' என்பதே. துஆக்கள் அடங்கிய சிறு கையேட்டை 'ஹமாயில்' என்றனர். திருக்குர்ஆனின் ஒவ்வோர் அரபி வரியின் கீழும் சாய்வாகப் போலந்து மொழிபெயர்ப்பை எழுதிச் சென்ற பெருநூலுக்குத் 'தெஃப்ஸீர்' என்று பெயர். ஸ்லாவிய மொழிகளில் திருக்குர்ஆனுக்கு முதன்முதல் எழுந்த முழு மொழிபெயர்ப்பு இதுவே என்பர். இத்தகைய படிகளுள் ஒன்று 1686-ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

அரபியில் இல்லாத ஒலிகளுக்கு என் செய்தனர்? 'ப', 'ச' போன்றவற்றிற்குப் பார்ஸி, துருக்கி எழுத்துகளைக் கடன் வாங்கினர். அவற்றிலும் இல்லாத இரண்டு ஒலிகளுக்கு, 'தால்' எழுத்தின் கீழும் 'ஸாத்' எழுத்தின் கீழும் மும்மூன்று புள்ளிகள் இட்டுப் புதிய எழுத்துகளைத் தாமே ஆக்கிக்கொண்டனர். இதைப் படித்தபோது நாம் சற்று நேரம் நூலை மூடிவைத்துவிட்டு அமர்ந்திருந்தோம். 'ட'வுக்கும் 'ப'வுக்கும் 'ழ'வுக்கும் 'ள'வுக்கும் புள்ளி கூட்டி அரபுத்தமிழை ஆக்கிய நம் முன்னோர் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் செய்த வேலையை, அவர்களை அறியாமலே, அவர்களும் இவர்களை அறியாமலே, வில்னோ நகரத்துக் கத்தீபுமார்கள் செய்திருக்கின்றனர். இருவர்க்கும் ஆசிரியர் அந்தத் திருமறையின் எழுத்தேயன்றி வேறு யார்?

ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். தமிழ் நமக்கு வந்தேறிய மொழியன்று. நம் அன்னையின் மொழி. ஆதலின் அரபுத்தமிழ் நமக்குக் கிடைத்த இரண்டாவது செல்வம். அவர்களுக்கோ கிதாப் ஒன்றே செல்வமாக இருந்தது. அதையும் விட்டிருந்தால் அவர்களிடம் பெயரின் நடுவில் ஒளிந்த 'அஹ்மத்' ஒன்றே எஞ்சியிருக்கும்.

இடையே துன்பங்கள் இல்லாமலில்லை. 1609-இல் திரோக்கி என்னும் ஊரில் கும்பலொன்று பள்ளிவாசலை இடித்துத் தள்ளிற்று. அதையடுத்த ஆண்டுகளில் 'அல்ஃபுர்கான்' என்று நம் மறையின் பெயரையே தலைப்பாக இட்டு, தாத்தாரியர் மீது வசைமாரி பொழியும் நூலொன்றும் வில்னோவில் வெளியாயிற்று. ஆயினும் அரசர்களுக்கு அவர்களின் வாள் தேவைப்பட்டது. படைச் சம்பளம் கொடுக்க இயலாத மன்னர் யான் சோபியெஸ்கி, 1679-இல் சம்பளத்திற்கு ஈடாகக் கிருஷினியானி, பொஹோனிக்கி முதலிய ஊர்களில் நிலங்களை அவர்களுக்கு வழங்கினார். அவ்விரண்டு ஊர்களிலும் மரத்தாலான பள்ளிவாசல்கள் இன்றும் நிற்கின்றன. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் போலந்து நாடே பங்கு போடப்பட்டு உலகப் படத்திலிருந்து மறைந்தது. தாத்தாரியர் ரஷ்யச் சக்கரவர்த்தியின் குடிகளாயினர்.

லேயோன் மிர்ஸா 1887-இல் வில்னோவில் பிறந்தபோது நிலைமை இதுவே. அவருக்கு மூன்றாண்டு மூத்தவர் தமையனார் ஓல்கியெர்த். சகோதரர் இருவரும் பீட்டர்ஸ்பர்க் நகரில் சட்டம் பயின்றனர். ரஷ்யப் பேரரசின் நாலாதிசை முஸ்லிம்களும் வந்து கூடும் இடமாக அந்நகரம் அந்நாளில் இருந்தது. கஸான், கிரீமியா, பாகூ, துருக்கிஸ்தான் ஆகிய பகுதிகளின் மாணவர்களை அங்கே காணலாம். அவ்விளைஞர்கள் தங்களுக்குள் ஒரு மாணவர் சங்கம் அமைத்துத் தம் முன்னோர் வரலாற்றைத் தேடலாயினர். அதில் கிரிச்சின்ஸ்கி சகோதரர்கள் முன்னின்றனர். பிற்காலத்தில் லேயோன் நடத்திய இதழுக்கு வித்து அங்கேதான் விழுந்தது எனலாம்.

1917-இல் சக்கரவர்த்தியின் ஆட்சி சரிந்தது. மறு ஆண்டு ஜூன் முதல் நவம்பர் வரை கிரீமியாவில் ஓர் அரசு நடைபெற்றது. அதன் தலைவர் ஜெனரல் மாச்சேய் சுலைமான் சுல்கியெவிச், லித்துவேனியத் தாத்தாரியர். நீதியமைச்சர் அலெக்சாந்தர் அஹ்மதோவிச், அவரும் அவ்வினத்தவரே. நூற்றாண்டுகளுக்கு முன் எந்தப் புல்வெளியிலிருந்து முன்னோர் வடக்கே சென்றனரோ, அந்தத் திசைக்கே பேரர்கள் ஆட்சியலுவல் பார்க்கத் திரும்பினர். லேயோனும் அங்கே அரசுச் செயலகத்தில் பணியாற்றினார். ஜெர்மன் படையின் நிழலில் நின்ற அரசாதலின், அப்படை வெளியேறியதும் அதுவும் வீழ்ந்தது.

அங்கிருந்து அவர்கள் பாகூ சென்றனர். 1918 மே 28-இல் அறிவிக்கப்பட்ட அஜர்பைஜான் குடியரசு, முஸ்லிம் உலகின் முதற் குடியரசு எனப் பலராலும் போற்றப்படுவது. பெண்களுக்கும் வாக்குரிமை அளித்தது. அப்புதிய அரசுக்குச் சட்டம் கற்றவர்களும் நிருவாகம் அறிந்தவர்களும் போதிய அளவில் கிடைக்கவில்லை. சுல்கியெவிச் படைத்தலைமையகத்தின் தலைவரானார். ஓல்கியெர்த் நீதித்துறையிலும், லேயோன் அரசின் செயலகத்திலும் உயர்ந்த பொறுப்புகளை ஏற்றனர். அதுவும் நிலைக்கவில்லை. 1920 ஏப்ரல் இறுதியில் செம்படை பாகூவில் நுழைந்தது. ஜெனரல் சுல்கியெவிச் அவ்வாண்டு கோடையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சகோதரர்கள் உயிர் தப்பிப் போலந்து வந்து சேர்ந்தனர்.

அப்பொழுது லேயோனுக்கு வயது முப்பத்திரண்டு. இரண்டாண்டுகளுக்குள் இரண்டு அரசுகளுக்குக் கோப்பு எழுதியவர். இரண்டு கோப்பறைகளும் பகைவர் கையில் சிக்கியதைக் கண்டவர். இத்தகைய அனுபவத்திற்குப் பிறகு சிலர் மனம் கசந்து ஒதுங்குவர். சிலர் வேறோர் அரசியலைத் தேடி ஓடுவர். இவர் அவ்விரண்டையும் செய்யவில்லை. அரசுகள் போகும், வரும். எழுதிவைத்த தாள் ஓரிடத்திலேனும் தப்பி நிற்கும் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். இப்படி அவர் எங்கும் எழுதியதாக நாம் சொல்லவில்லை. பின்னர் அவர் செய்த வேலையைப் பார்த்து நாம் கொண்ட கருத்து இது.

மீண்டும் உயிர்பெற்ற போலந்தில் அவர் நீதிபதியானார். முதலில் வில்னோ, பின்னர் ஸமோஷ்ச், இறுதியில் பால்டிக் கடற்கரையில் புதிதாய் எழுந்த துறைமுகமான கிதினியா. பகலில் வழக்குகள், இரவில் ஏடுகள்.

புதிய போலந்தில் தாத்தாரியர் ஐயாயிரத்து ஐந்நூறு முதல் ஆறாயிரம் பேர்தாம் இருந்தனர். நம் பக்கத்தில் நடுத்தரமான ஒரு கடற்கரை ஊரின் மக்கள்தொகைகூட அதைவிடப் பெரிது. அவர்களும் ஏறத்தாழ இருபது ஜமாஅத்துகளாகச் சிதறிக் கிடந்தனர். எனினும் அந்த இருபதாண்டுக் காலத்தில் அச்சிறு கூட்டம் செய்த காரியங்களைப் பாருங்கள். 1925 டிசம்பரில் வில்னோவில் மாநாடு கூட்டித் தமக்கென ஒரு முஃப்தியைத் தேர்ந்தனர். மறு ஆண்டு கல்வி பண்பாட்டுச் சங்கம் நிறுவினர். 1929-இல் ஓர் அருங்காட்சியகமும், 1931-இல் ஓர் ஆவணக் காப்பகமும் வில்னோவில் தொடங்கினர். வார்சாவில் பள்ளிவாசல் கட்ட 1928-இல் குழு அமைத்தனர். அதன் தலைவர் ஓல்கியெர்த். 'இஸ்லாமிய நோக்கு' என்னும் பொருள்தரும் இதழ் வார்சாவிலிருந்தும், 'தாத்தாரிய வாழ்வு' என்னும் திங்களிதழ் 1934 முதல் வில்னோவிலிருந்தும் வெளிவந்தன. 1936 ஏப்ரல் 21-இல் போலந்து நாடாளுமன்றம் முஸ்லிம் மார்க்க அமைப்பை அங்கீகரித்துத் தனிச் சட்டமே இயற்றியது. அவ்வாண்டே படையிலும் தாத்தாரியர்க்கெனத் தனிக் குதிரைப்படைப் பிரிவு ஏற்பட்டது. கிரீமியாவில் அமைச்சராயிருந்த அஹ்மதோவிச் 1928 முதல் 1930 வரை போலந்தின் செனட் சபையில் அமர்ந்திருந்தார்.

முஃப்தியாகத் தேர்வு பெற்ற யாக்குப் ஷின்கியெவிச் அவர்களைப் பற்றி ஒரு சொல்லேனும் கூறாமல் செல்ல மனம் வரவில்லை. பெர்லின் பல்கலைக்கழகத்தில் 1925-இல் டாக்டர் பட்டம் பெற்ற ஆலிம் அவர். பட்டத்திற்கு எடுத்துக்கொண்ட பொருள் 1310-இல் துருக்கிய மொழியில் ரப்கூஸி எழுதிய 'கிஸஸுல் அன்பியா'வின் சொற்றொடர் இலக்கணம். தம் மூதாதையர் மறந்த மொழியை இலக்கணம் வழியாக மீட்டுக்கொண்டார் போலும்! போருக்குப்பின் தாயகம் திரும்ப முடியாமல் எகிப்தில் வாழ்ந்து, 1966-இல் அமெரிக்காவில் வஃபாத்தானார்.

இனி, லேயோன் மிர்ஸாவின் பெரும்பணிக்கு வருவோம். 1932-இல் 'தாத்தாரிய ஆண்டிதழ்' என்னும் வெளியீட்டை வில்னோவில் அவர் தொடங்கினார். போலந்துத் தாத்தாரியரின் வரலாறு, பண்பாடு, வாழ்க்கை ஆகியவற்றிற்கான அறிவியல், இலக்கிய, சமூக இதழ் என்று அதன் முகப்பு கூறிற்று. இரண்டாம் தொகுதி, அவர் ஸமோஷ்சில் நீதிபதியாயிருந்தபோது 1935-இல் அவ்வூரிலிருந்தே வெளிவந்தது. மூன்றாம் தொகுதி 1938-இல் வார்சாவில் வந்தது. ஆறாண்டுகளில் மூன்றே தொகுதிகள். 'ஆண்டிதழ்' என்னும் பெயருக்கு இது பொருந்தாது என்று நகைப்போர் நகைக்கலாம். சிறுபான்மைச் சமுதாயத்தில் இதழ் நடத்தியவர் எவரும் நகைக்கமாட்டார்.

முதல் தொகுதியில் ஜெனரல் சுல்கியெவிச்சின் வரலாற்றை லேயோன் எழுதினார். பாகூவில் கொல்லப்பட்ட தம் தலைவருக்கு அவரால் செய்ய முடிந்த ஜனாஸா மரியாதை அதுவே. 1831-ஆம் ஆண்டு போலந்து மக்கள் ரஷ்ய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தபோது அப்படையில் நின்ற தாத்தாரியர் யாவர் என்பதையும் அதே தொகுதியில் ஆராய்ந்தார். இரண்டாம் தொகுதியில் போலந்துத் தாத்தாரியர்க்கும் கீழைநாட்டு முஸ்லிம் உலகத்திற்கும் இடையே நிலவிய தொடர்பை எழுதினார். அந்தத் தனிமையான கூட்டம் உம்மத்திலிருந்து முற்றும் அறுந்து போனதன்று என்று காட்டுவதே அவர் நோக்கம். மொராக்கோவுக்குத் தாமே பயணம் சென்று, 'மொராக்கோவின் கதிரவன் கீழ்' என்னும் பொருளில் ஒரு பயண நூலும் வெளியிட்டார்.

நாம் மிகவும் மதிப்பது அவருடைய வேறு இரு நூல்களை. ஒன்று, போலந்துத் தாத்தாரியர் வரலாற்றுக்கான நூற்பட்டியல் (1935). பட்டியல் என்றால் யார் படிப்பார் என்று கேட்கலாம். எவருமே படிக்கமாட்டார், பின்னால் வரும் ஆராய்ச்சியாளன் ஒவ்வொருவனும் அதைத் தொடாமல் செல்லவும் மாட்டான். மற்றது, வில்னோ பள்ளிவாசலின் வரலாறு (1937). லுக்கிஷ்கி என்னும் பகுதியில் நின்ற அந்த மரப் பள்ளிவாசலைப் பற்றி ஒரு தனி நூல்!

அச்சமுதாயத்தின் வழக்காறுகள் நமக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. மையவாடியை அவர்கள் 'மிஸார்' என்பர்; நம் 'மஸார்' தான் அது. பெருநாளை 'பைராம்' என்பர். இறந்தோர் நினைவாகவும் பிற சமயங்களிலும் ரொட்டியும் இனிப்பும் பங்கிடுவதற்கு 'சதோகா' என்று பெயர். 'ஸதகா' அங்ஙனம் திரிந்தது. இறந்தவரோடு துஆக்கள் எழுதிய நீண்ட தாள்சுருளைக் கபுறில் வைக்கும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. அது மார்க்கச் சட்டப்படி ஆகுமானதா என்று கேட்டால் எமக்கு வேறு கருத்து உண்டு. அதை இங்கு விவாதிக்கப் போவதில்லை. ஆனால் எத்தனை கையெழுத்துச் சுருள்கள் அவ்வாறு மண்ணுக்குள் சென்றிருக்கும் என்று எண்ணும்போது ஆராய்ச்சி மனம் துடிக்கத்தான் செய்கிறது.

கிதாபுகளின் அருமையைத் தாத்தாரியரைவிட அயலார் விரைந்து உணர்ந்தனர். 1915-இல் இவான் லுத்ஸ்கியெவிச் என்னும் பெலாரஸிய அறிஞர் வில்னோ அருகே ஒரு தாத்தாரியச் சிற்றூரில் பழைய கிதாப் ஒன்றைக் கண்டெடுத்தார். அதைப் படித்த மொழியறிஞர்கள் வியந்து நின்றனர். கிறித்தவ எழுத்தர்கள் பழைய திருச்சபை மொழியின் எழுத்து மரபுக்குக் கட்டுப்பட்டு எழுதினர்; ஆதலின் மக்கள் வாய்மொழி அவர்களின் ஏட்டில் முழுமையாக வரவில்லை. அம்மரபை அறியாத முஸ்லிம் எழுத்தரோ, காதால் கேட்டதைக் கேட்டவாறே அரபி எழுத்தில் பதித்துவிட்டார்! இன்று பெலாரஸிய மொழியின் பழைய ஒலிப்பை அறிய விரும்புவோர் முஸ்லிம்களின் கிதாபைத் தேடிச் செல்கின்றனர். 1968-இல் அந்தோன் அந்தோனோவிச் என்னும் பேராசிரியர் இக்கையெழுத்துகளைப் பற்றி விரிவான ஆராய்ச்சி நூல் வெளியிட்டார்.

நம்மிடமும் 'மகானீ' உண்டு. 'பத்ஹுத் தய்யான்' உண்டு. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் அரபுத்தமிழில் எழுதிய அந்நூல்களை நம் பாட்டிமார்கள் மடியில் வைத்து ஓதியதை நாமே கண்டிருக்கிறோம். நாம் ஓதிய நாளில் ஒரு வீட்டுப் பரணைத் துப்புரவு செய்தபோது, இரண்டு கோணிப்பை நிறைய அரபுத்தமிழ் ஏடுகளை, படிக்கத் தெரிந்தவர் இல்லையென்று கூறிக் கிணற்றில் இட்டுவிட்டார்கள். மரியாதைக்காகத்தான் செய்தார்கள், எழுத்து கால்பட்டு மிதிபடக் கூடாதே என்னும் நல்லெண்ணம். அவற்றில் என்ன இருந்தது என்று குறித்துவைக்க ஒரு லேயோன் மிர்ஸா அவ்வூரில் இல்லை. நாமும் அன்று பக்கத்தில் நின்று வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

லேயோன் மிர்ஸாவை நாம் குறைகாணாமல் புகழவில்லை. குலப்பெருமை அவருக்கும் அவருடைய தலைமுறைக்கும் மிகுதி. நைமன் என்பது குலப்பெயர். மிர்ஸா என்பது பிரபுப்பட்டம். தாத்தாரியப் பிரபுக் குடும்பங்களின் குலமரபு விளக்கமாக 1929-இல் ஜியதுலேவிச் என்பார் வெளியிட்ட பெருநூலை அக்காலத் தாத்தாரியர் எத்தனை ஆர்வத்துடன் புரட்டியிருப்பர் என்று ஊகிக்கலாம். தோல் பதனிட்டும் காய்கறி பயிரிட்டும் வாழ்ந்த எளிய தாத்தாரியரே எண்ணிக்கையில் மிகுதி. அவர்களின் கதையைவிட வாளேந்திய மிர்ஸாக்களின் கதைக்கே அவ்வரலாறுகளில் இடம் அதிகம். ஆதமின் மக்கள் அனைவரும் மண்ணிலிருந்து வந்தோரே என்று படித்த நமக்கு இது உறுத்துகிறது. ஆனால் பிரபுக்களுக்கே மதிப்பளித்த ஒரு நாட்டில், 'நாங்கள் அந்நியரல்லர், உங்களுக்குச் சமமானவர்' என்று நிறுவ அவர்களுக்கு வேறு மொழி கிடைக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1938-இல் வந்த மூன்றாம் தொகுதி இக்குறையைப் பெரிதும் ஈடுசெய்தது. அத்தொகுதி முழுமையும் ஸ்தனிஸ்லாவ் கிரிச்சின்ஸ்கி என்னும் இளைஞரின் ஒரே ஆராய்ச்சி நூல். தாத்தாரியரின் வரலாற்றோடு அவர்தம் வாழ்க்கை வழக்காறுகளையும் விரித்துரைத்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. அந்த இளைஞருக்கு முழுத் தொகுதியையும் ஒதுக்கியது ஆசிரியரின் பெருந்தன்மை.

நான்காம் தொகுதி வரவில்லை.

1939 செப்டம்பர் 1-இல் ஜெர்மன் படை போலந்தின் மீது பாய்ந்தது. இரு வாரங்களில் கிதினியா வீழ்ந்தது. நாஜிகள் கையில் பெயர்ப்பட்டியல்களுடனேயே வந்தனர். ஆசிரியர்கள், பாதிரியார்கள், வழக்கறிஞர்கள், அலுவலர்கள், நீதிபதிகள் என ஒரு மக்களினத்துக்கு வழிகாட்டக்கூடியவர் எவரோ அவரை முதலில் ஒழித்துவிட்டால் எஞ்சியோர் அடிமைகளாவர் என்பது அவர்கள் கணக்கு. பட்டியல் தயாரிப்பதிலும் இரண்டு வகை உண்டு என்று இதைப் படிக்கும்போது தோன்றியது. லேயோன் மிர்ஸா கைது செய்யப்பட்டார். கிதினியாவிற்கு வடக்கே பியாஷ்னிட்சா என்னும் காடு இருக்கிறது. அவ்வாண்டு இலையுதிர் காலம் முதல் அடுத்த வசந்தம் வரை அக்காட்டில் பன்னிரண்டாயிரம் முதல் பதினான்காயிரம் பேர் வரை சுட்டுக் குழிகளில் தள்ளப்பட்டனர் என மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் ஒருவராக, ஐம்பத்திரண்டாம் வயதில் லேயோன் மிர்ஸா கொல்லப்பட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

1944-இல் தோல்வி நெருங்கியபோது நாஜிகள் தம் குற்றத்தின் தடயத்தை மறைக்க அக்குழிகளைத் தோண்டி உடல்களை எரித்தனர். முன்னோர்களின் மிஸார்களைத் தேடித் தேடி வரலாறு எழுதிய சமுதாயத்தின் வரலாற்றாசிரியருக்கு, இது அவருடைய கபுறு என்று காட்ட ஓரடி நிலமும் இல்லை.

தமையனார் ஓல்கியெர்த் சோவியத்துகளின் கையில் சிக்கி 1942-இல் உயிர் நீத்தார். இளைஞர் ஸ்தனிஸ்லாவ் 1941-இல், முப்பது வயதில் காலமானார். அஹ்மதோவிச்சும் 1944-இல் மறைந்தார். வார்சாப் பள்ளிவாசல் எழவேயில்லை. போர் முடிந்தபோது எல்லைக்கோடு மேற்கே நகர்ந்தது. வில்னோ சோவியத் நாட்டிற்குள் போயிற்று. பழைய பள்ளிவாசல்களில் கிருஷினியானி, பொஹோனிக்கி ஆகிய இரண்டே போலந்தில் எஞ்சின. தாத்தாரியரில் பலர் வீடுவாசல் விட்டுப் பெயர்ந்து கிதான்ஸ்க் போன்ற தூர நகரங்களில் குடியேறினர். லுக்கிஷ்கியின் மரப் பள்ளிவாசலை 1968-இல் சோவியத் ஆட்சியினர் இடித்துவிட்டனர். நீதிபதியார் 1937-இல் எழுதிய அந்த நூல்தான் அதன் வரலாற்றைத் தேடுவோர்க்கு இன்று கைவிளக்கு.

1990-இல் கிதான்ஸ்க் நகரில் புதிய பள்ளிவாசல் ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு ஜமாலுத்தீன் ஆப்கானியின் பெயரைச் சூட்டினர். லேயோன் மிர்ஸா கடைசியாக நீதி வழங்கிய கிதினியா அங்கிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். மூன்றாண்டு கழித்து 1993-இல், அந்தக் கிதான்ஸ்கிலிருந்தே, 'போலந்துத் தாத்தாரியர் ஆண்டிதழ்' என்று பெயரிட்ட வெளியீடு தொடங்கப்பட்டது. 1938-க்கும் அதற்கும் இடையே ஐம்பத்தைந்து ஆண்டுகள்.